கார் ஸ்க்ரீனுக்கு நீங்க கொடுக்கிற உண்மையான விலை என்ன? டாப் வேரியண்ட் புக் பண்றதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



முதல் கார் வாங்கப் போற இளைஞர்கள் கிட்ட "எந்த வேரியண்ட் எடுக்கப் போறீங்க?"னு கேட்டா, பெரும்பாலும் வர்ற பதில் இதுதான்: "நடு வேரியண்ட் போதும்னு நினைச்சேன். ஆனா டாப் வேரியண்ட்லதான் பெரிய ஸ்க்ரீன் வருது. ஒரு லட்சம்தானே வித்தியாசம், இஎம்ஐ-ல போயிடும்."

அந்த "ஒரு லட்சம்தானே" என்ற வார்த்தையைத்தான் இன்னைக்கு பிரிச்சுப் பார்க்கப் போறோம். கூடவே இன்னொரு கேள்வியும் இருக்கு. அந்த ஸ்க்ரீனை ஓட்டும்போது எப்படிப் பயன்படுத்தப் போறீங்க? ஷோரூம்ல நின்னு பார்க்கும்போது அழகா இருக்கிற விஷயம், ஜிஎஸ்டி ரோட்ல மழையில 80-ல போகும்போது எப்படி இருக்கும்? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரிஞ்சா எந்த வேரியண்ட்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

1. முதல்ல பணக் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். கார்த்திக்னு ஒருத்தர்னு வச்சுக்கோங்க. வயசு 27, சென்னையில ஐடி வேலை, கையில வர்ற சம்பளம் 65,000. இந்தப் பெயரும் கார் விலையும் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை. உங்க கொட்டேஷன்ல இருக்கிற எண்களைப் போட்டு இதே கணக்கைச் செஞ்சு பாருங்க.

நடு வேரியண்ட் எக்ஸ்-ஷோரூம் விலை: ரூ.9,40,000. இதுல 8 இன்ச் ஸ்க்ரீன், ஆண்ட்ராய்டு ஆட்டோ, ரிவர்ஸ் கேமரா இருக்கு.

டாப் வேரியண்ட் எக்ஸ்-ஷோரூம் விலை: ரூ.10,60,000. இதுல 10.25 இன்ச் ஸ்க்ரீன், கனெக்டெட் கார் ஆப், ஏசிக்கு டச் பேனல், நல்ல ஸ்பீக்கர் எல்லாம் இருக்கு.

வித்தியாசம் ரூ.1,20,000. சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் இதோட நிறுத்திடுவார். நாம நிறுத்தக் கூடாது.

தமிழ்நாட்டுல சாலை வரி காரோட விலையைப் பொறுத்து மாறும். 2023 நவம்பர்ல திருத்தின விகிதப்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான புது காருக்கு 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%. இங்க ஒரு முக்கியமான விஷயம். வருமான வரி ஸ்லாப்ல, எல்லையைத் தாண்டின பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். சாலை வரியில அப்படி இல்ல. 10 லட்சத்தைத் தாண்டினா முழு விலைக்கும் 18% விழும்.

நடு வேரியண்ட்: 9,40,000 × 13% = ரூ.1,22,200
டாப் வேரியண்ட்: 10,60,000 × 18% = ரூ.1,90,800
சாலை வரியில மட்டும் வித்தியாசம்: ரூ.68,600

இன்சூரன்ஸ் பிரீமியம் முதல் வருஷம் ஒரு 4,000 கூடும்னு வச்சுக்கலாம். ஆக மொத்தம்:

எக்ஸ்-ஷோரூம் வித்தியாசம்: 1,20,000
சாலை வரி வித்தியாசம்: 68,600
இன்சூரன்ஸ் வித்தியாசம்: 4,000
மொத்தம்: ரூ.1,92,600

"ஒரு லட்சம்தானே"னு ஆரம்பிச்சது கிட்டத்தட்ட ரெண்டு லட்சத்துல வந்து நிக்குது. உங்க கார் விலை 10 லட்ச எல்லைக்குப் பக்கத்துல இருந்தா இந்தக் கணக்கைப் போடாம புக் பண்ணாதீங்க. ரெண்டு வேரியண்டுக்கும் ஆன்-ரோடு கொட்டேஷனைத் தனித்தனியா எழுத்துல கேளுங்க. ஒவ்வொரு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

10 லட்சத்தைத் தாண்டினா 1% டிசிஎஸ்-உம் டீலர் வசூலிப்பார். நம்ம கணக்குல அது ரூ.10,600. இது செலவு இல்ல, உங்க பான் எண்ணுல வரவா பதிவாகும் முன்பண வரி. ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது வரியில கழிச்சுக்கலாம், கூடுதலா இருந்தா ரீஃபண்ட் வரும். 2024 அக்டோபர்ல இருந்து, இதை உங்க கம்பெனி பேரோல் டீமுக்குத் தெரிவிச்சு சம்பள டிடிஎஸ்-ல குறைச்சுக்கிற வழியும் இருக்கு. படிவம் 26ஏஎஸ்-ல அந்தத் தொகை வந்திருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. பல பேர் இதைக் கவனிக்காமலே விட்டுடறாங்க.

சரி, இந்த 1,92,600-ஐ லோன்ல சேர்த்தா? 9% வட்டி, 5 வருஷம்னு எடுத்துக்கிட்டா இஎம்ஐ-ல கூடுறது கிட்டத்தட்ட ரூ.4,000. 60 மாசத்துல கட்டுற மொத்தம் ரூ.2,40,000. சொந்த உபயோகத்துக்கு வாங்குற கார் லோன் வட்டிக்கு, சம்பளக்காரருக்கு வரிச் சலுகை கிடையாது. வீட்டுக் கடன் மாதிரி நினைச்சு ஏமாந்துடாதீங்க.

அஞ்சு வருஷம் கழிச்சு விக்கும்போது? டாப் வேரியண்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும்தான். கொஞ்சம் தாராளமாவே, எக்ஸ்-ஷோரூம் வித்தியாசத்துல பாதி, அதாவது 60,000 திரும்ப வரும்னு வச்சுக்கலாம். சாலை வரியும் வட்டியும் திரும்ப வராது. மிச்ச நிகரச் செலவு ரூ.1,80,000. மாசம் 3,000. ஒரு நாளைக்கு 100 ரூபாய்.

இதே 4,000-ஐ மாசாமாசம் 6.5% வட்டியில ஆர்டி போட்டிருந்தா, 5 வருஷத்துல சுமார் ரூ.2.8 லட்சம் கையில இருக்கும்.

நாளைக்கு 100 ரூபாய் கொடுக்கலாமா வேண்டாமாங்கிறது உங்க இஷ்டம். கார்த்திக் அதை சந்தோஷமா கொடுக்கலாம், தப்பே இல்ல. ஆனா எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். அதனால அடுத்து, அந்த ஸ்க்ரீன் ஓட்டுறவருக்கு என்ன செய்யுதுன்னு பார்க்கலாம்.

2. ஸ்க்ரீனும் உங்க கண்ணும்

கார்ல டச் ஸ்க்ரீன் புதுசு இல்ல. 1986-லயே அமெரிக்காவுல பியூயிக் ரிவியேராங்கிற கார்ல டிவி மாதிரி பிக்சர் ட்யூப் வச்ச டச் ஸ்க்ரீன் வந்துச்சு. ஏசி, ரேடியோ எல்லாம் அதுலதான். சில வருஷத்துலயே கம்பெனி அதை எடுத்துட்டு பழையபடி பட்டன்களுக்குத் திரும்பிடுச்சு. 2012-ல டெஸ்லா மாடல் எஸ் 17 இன்ச் ஸ்க்ரீனோட வந்ததும் மறுபடி எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினாங்க. நம்ம ஊர்ல 2019-ல எம்ஜி ஹெக்டர் 10.4 இன்ச் ஸ்க்ரீனோட "இன்டர்நெட் கார்"னு விளம்பரம் பண்ணி வந்தப்போ இந்தப் போட்டி சூடு பிடிச்சுது.

பட்டனுக்கும் ஸ்க்ரீனுக்கும் இருக்கிற அடிப்படை வித்தியாசம் ரொம்ப எளிமையானது. திருகுற குமிழை விரல் தடவியே கண்டுபிடிச்சிடும். ரெண்டு வாரம் ஓட்டினா, கண்ணை ரோட்டுல வச்சுக்கிட்டே கை தானா அங்க போகும். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கிற ஸ்க்ரீன்ல விரலுக்கு எந்த அடையாளமும் கிடையாது. கண்ணு பார்த்தே ஆகணும். அதுவும் மெனுவுக்குள்ள மெனு இருந்தா பல தடவை பார்க்கணும்.

ஸ்வீடன்ல வி பிலாகரேங்கிற கார் பத்திரிகை 2022-ல ஒரு சோதனை பண்ணுச்சு. 11 புது கார்களோட, பட்டன் மட்டுமே இருக்கிற 2005 மாடல் வால்வோ வி70 ஒண்ணையும் சேர்த்தாங்க. வேகம் மணிக்கு 110 கி.மீ. சூடேத்துறது, ரேடியோ மாத்துறது மாதிரி சாதாரண வேலைகளைச் செஞ்சு முடிக்க எத்தனை விநாடி ஆகுதுன்னு அளந்தாங்க. ஓட்டினவங்களுக்கு முன்கூட்டியே அந்தந்த காரைப் பழகிக்க நேரமும் கொடுத்தாங்க.

பழைய வால்வோ: 10 விநாடி. அதுக்குள்ள கார் போன தூரம் 306 மீட்டர்.
கடைசியா வந்த எம்ஜி மார்வெல் ஆர்: 44.9 விநாடி. தூரம் 1,372 மீட்டர்.

ஒண்ணே கால் கிலோமீட்டருக்கும் மேல, பாதிக் கவனத்தோட! அதே சோதனையில டச் ஸ்க்ரீன் இருந்தும் 14 விநாடிக்குள்ள முடிச்ச கார்களும் இருந்துச்சு. அதனால ஸ்க்ரீன் இருந்தாலே மோசம்னு சொல்ல முடியாது. மெனுவை எப்படி வடிவமைச்சிருக்காங்க, எந்த வேலைக்குப் பட்டனை விட்டு வச்சிருக்காங்கங்கிறதுதான் விஷயம்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-ல கார் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்துச்சு. ஒரு தடவை கண்ணை எடுத்தா 2 விநாடிக்கு மேல போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமா 12 விநாடிக்கு மேல ஆகக் கூடாது. இதை நம்ம ரோட்டுக்குப் பொருத்திப் பாருங்க. மணிக்கு 60 கி.மீ. வேகத்துல 2 விநாடிக்கு 33 மீட்டர் போயிடுவீங்க. 80-ல 44 மீட்டர். ஓஎம்ஆர்லயோ ஈசிஆர்லயோ 33 மீட்டருக்குள்ள என்னென்ன குறுக்க வரும்னு நான் சொல்லத் தேவையில்ல. ராங் சைடுல வர்ற பைக், திடீர்னு திரும்புற ஷேர் ஆட்டோ, மாடு, வர்ணம் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர். அந்த வழிகாட்டுதல் எழுதப்பட்டது லேன் ஒழுக்கம் இருக்கிற ரோட்டுக்கு. நமக்கு அந்த 2 விநாடியே ஜாஸ்தி.

அமெரிக்காவுல ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகம் 2017 மாடல் கார்களை வச்சு நடத்தின ஆய்வுல, நேவிகேஷன்ல இடத்தைப் பதிவு பண்ணத்தான் அதிக நேரம், சராசரியா 40 விநாடி ஆச்சு. மணிக்கு 40 கி.மீ. வேகத்துல போனாக்கூட 40 விநாடிக்கு 440 மீட்டருக்கு மேல. அதனால மேப் போடுறதை எப்பவும் கியர் போடுறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. இதுக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது.

இப்போ திசை மாற ஆரம்பிச்சாச்சு. ஐரோப்பாவுல கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கிற யூரோ என்கேப் 2026-ல இருந்து புது விதி கொண்டு வந்திருக்கு. இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு, இந்த அஞ்சுக்கும் தனி பட்டனோ லீவரோ இல்லாட்டி மதிப்பெண் குறையும். ஃபோக்ஸ்வேகன் மாதிரி எல்லாத்தையும் டச்சுக்கு மாத்தின கம்பெனிகளும் முக்கியமான வேலைகளுக்குப் பட்டன்களைத் திரும்பக் கொண்டு வர்றாங்க. அதாவது இன்னைக்கு "பிரீமியம்"னு நீங்க கூடக் காசு கொடுக்கிற டச் ஏசி பேனலை, அதுக்கு மாறின சில கம்பெனிகளே கைவிட்டுக்கிட்டு இருக்காங்க.

3. அப்போ ஸ்க்ரீனே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்க்ரீன் இல்லாத கார்ல என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியும். போன் மடியில, இல்ல கப் ஹோல்டர்ல. கூகுள் மேப் சத்தம் கேட்காம குனிஞ்சு பார்க்கிறது. அது இதை விட ஆபத்து.

சட்டமும் இதுல தெளிவா இருக்கு. ஓட்டும்போது போனைக் கையில வச்சுப் பயன்படுத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவுல "ஆபத்தான ஓட்டுதல்"ல வருது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கு. 2020 அக்டோபர்ல வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம்னு சொல்லுது. கால் பேசவோ, மெசேஜ் பார்க்கவோ இல்ல.

2014-ல ஆப்பிள் கார்பிளேயும், அதுக்கு அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்ததோட பயன் இங்கதான். போன்ல இருக்கிற மேப், பாட்டு, கால் மூணும் பெரிய எழுத்துல, கண் உயரத்துக்குப் பக்கத்துல வருது. ஓட்டும்போது தேவையில்லாத ஆப் எல்லாம் மறைஞ்சிடுது. இது உண்மையிலேயே நல்ல வசதி. இதுக்கு 8 இன்ச் ஸ்க்ரீனே போதும். 10.25 இன்ச்ல இதே மேப்தான் கொஞ்சம் பெரிசா தெரியும், அவ்வளவுதான்.

4. ஸ்க்ரீனோட ஆயுசு, காரோட ஆயுசு

அக்கவுன்டன்ட்டா நான் பார்க்கிற இன்னொரு கோணம் இது. கார் 10, 12 வருஷம் ஓடும். போனை 3, 4 வருஷத்துல மாத்திடுவோம். டாப் வேரியண்ட் ஸ்க்ரீன் என்பது, போன் மாதிரி சீக்கிரம் பழசாகுற ஒரு பொருளை, கார் மாதிரி மெதுவா பழசாகுற பொருளுக்குள்ள பதிச்சு வைக்கிறது. ரெண்டுக்கும் தேய்மானம் ஒரே வேகத்துல போகாது.

டெஸ்லா கதையே உதாரணம். 2021-ல அமெரிக்காவுல பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்கள் சுமார் 1.35 லட்சத்தைத் திரும்ப அழைச்சாங்க. காரணம் இன்ஜின் இல்ல, பிரேக் இல்ல. ஸ்க்ரீனை இயக்குற கம்ப்யூட்டர்ல இருந்த 8 ஜிபி மெமரி சிப். அதுல திரும்பத் திரும்ப எழுதி எழுதி, சில வருஷத்துல தேஞ்சு போச்சு. ஸ்க்ரீன் அணைஞ்சதும் ரிவர்ஸ் கேமராவும், கண்ணாடி பனி நீக்குற கட்டுப்பாடும் சேர்ந்து போச்சு. எல்லாம் ஸ்க்ரீனுக்குள்ள இருந்தா, ஸ்க்ரீன் போனா எல்லாம் போகும்.

இப்போ இன்சூரன்ஸ் பக்கம் பாருங்க. உங்க மோட்டார் பாலிசியில விலக்குகள்னு ஒரு பகுதி இருக்கும். அதுல "மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் பழுது" இருக்கும். இதோட அர்த்தம்: விபத்துல ஸ்க்ரீன் உடைஞ்சா கிளெய்ம் உண்டு. தானா ஒரு நாள் காலையில கருப்பாயிட்டா கிளெய்ம் கிடையாது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் கிடையாது. அதை வாரண்டிதான் பார்க்கணும். வாரண்டி முடிஞ்சிருந்தா உங்க பாக்கெட்தான்.

அதனால புக்கிங் முன்னாடி டீலர் சர்வீஸ் கவுன்டர்ல ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, இந்த ஸ்க்ரீன் யூனிட் மாத்தினா இன்னைக்கு விலை என்ன? ரெண்டு, எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தா இன்ஃபோடெயின்மென்ட் அதுல சேருமா? பதிலை எழுத்துல வாங்குங்க.

இன்னொரு எளிய விதியும் இருக்கு. மூளை போன்ல இருக்கட்டும், கார்ல கண்ணாடி மட்டும் இருந்தா போதும். மேப் போன்ல இருந்து வந்தா, போனை மாத்தும்போது அதுவும் புதுசாகும். காரோட சொந்த நேவிகேஷன், சொந்த ஆப் ஸ்டோர் எல்லாம் கார் வாங்கின அன்னைக்கே பழசாக ஆரம்பிச்சிடும். அதுக்காகக் கூடக் காசு கொடுக்காதீங்க.

5. மாசச் சந்தா என்கிற அமைதியான செலவு

"கனெக்டெட் கார்" வசதி, அதாவது போன்ல இருந்து ஏசி போடுறது, கார் எங்க நிக்குதுன்னு பார்க்கிறது, இதெல்லாம் கார்ல இருக்கிற இ-சிம் வழியா நடக்குது. பொதுவா முதல் சில வருஷம் இலவசம், அப்புறம் சந்தா. டீலர் "ஃப்ரீ சார்"னு சொன்னா, "எத்தனை வருஷம்? அதுக்கப்புறம் வருஷத்துக்கு எவ்வளவு?"னு கேளுங்க.

வெளிநாட்டுல இது எந்த அளவுக்குப் போச்சுன்னா, 2022-ல பிஎம்டபிள்யூ சில நாடுகள்ல, கார்ல ஏற்கனவே இருக்கிற ஹீட்டட் சீட்டை இயக்க மாசக் கட்டணம் கேட்டுச்சு. எதிர்ப்பு வந்ததும் அடுத்த வருஷம் கைவிட்டாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் 2023-ல, தன்னோட புது மின்சார கார்கள்ல கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ ரெண்டையும் நிறுத்தி, சொந்த மென்பொருளைக் கொண்டு வர முடிவு பண்ணுச்சு. கம்பெனிகளுக்கு ஸ்க்ரீன் ஒரு தடவை விக்கிற பொருள் இல்ல, மாசாமாசம் வருமானம் தர்ற ஜன்னல். சந்தா நிறுத்தாட்டியும் நெட்வொர்க் நின்னு போகலாம். 2022-ல அமெரிக்காவுல 3ஜி சேவை மூடினப்போ, அதை நம்பியிருந்த பல பழைய கார்களோட கனெக்டெட் வசதிகள் அப்படியே செத்துப் போச்சு.

தகவல் விஷயமும் பணம் சம்பந்தப்பட்டதுதான். 2023-ல மொஸில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளோட தனியுரிமைக் கொள்கையைப் பரிசோதிச்சுது. 25-உம் ஃபெயில். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்ல இருந்து எடுத்த ஓட்டும் பழக்கம் பற்றிய தகவல், எப்போ சடன் பிரேக் போட்டாங்க, எவ்வளவு வேகம் போனாங்கங்கிற விவரம் எல்லாம், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பயன்படுத்துற தகவல் நிறுவனங்களுக்குப் போச்சு. 2025 ஜனவரியில அந்த நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்துச்சு. அதனால ஸ்க்ரீன்ல முதல் நாள் வர்ற "சம்மதிக்கிறேன்" பட்டனைப் படிக்காம அமுக்காதீங்க. காரை விக்கும்போது மறக்காம ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க. உங்க கான்டாக்ட், வீட்டு முகவரி, கால் ஹிஸ்டரி எல்லாம் அதுக்குள்ள இருக்கும். ஆப்ல இருந்தும் காரை நீக்குங்க.

6. வெளியில ஸ்க்ரீன் மாட்டினா?

"நடு வேரியண்ட் எடுத்துட்டு வெளிய பெரிய ஸ்க்ரீன் போட்டுக்கிறேன்"னு பலர் கேட்பாங்க. செலவு கண்டிப்பா குறையும். ஆனா மூணு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, ஒயரை வெட்டி ஒட்டாதீங்க. உங்க காருக்கான கப்ளர் வச்சு மாட்டுற யூனிட்டா பாருங்க. ஒயரை வெட்டினா கார் எலக்ட்ரிக்கல் வாரண்டியில பிரச்சினை வரும்.

ரெண்டு, கம்பெனி பொருத்தாத எலக்ட்ரானிக் சாமான்களை இன்சூரன்ஸ்ல தனியா அறிவிக்கணும். மோட்டார் டாரிஃப்படி அதோட மதிப்புல 4% கூடுதல் பிரீமியம். 20,000 ரூபாய் யூனிட்டுக்கு வருஷம் 800. அறிவிக்காம விட்டா, திருடு போனாலோ உடைஞ்சாலோ ஒரு பைசா வராது. ஜிஎஸ்டி பில் பத்திரமா வச்சுக்கோங்க.

மூணு, மலிவான யூனிட்கள்ல ஓட்டும்போதே வீடியோ ஓடும். கடைக்காரர் அதையே பெருமையா காட்டுவார். அந்த வசதியை அணைச்சே மாட்டச் சொல்லுங்க.

7. டெஸ்ட் டிரைவ்ல செய்ய வேண்டிய 10 நிமிஷச் சோதனை

காரை ஓரமா நிறுத்தி, பக்கத்துல ஒரு நண்பரை உட்கார வச்சு போன்ல ஸ்டாப்வாட்ச் போடச் சொல்லுங்க. ஓடுற கார்ல இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

- ஏசி ஃபேன் வேகத்தை ரெண்டு படி ஏத்துங்க. பார்க்காமலே முடியுதா?
- முன் கண்ணாடி பனியைப் போக்குற டிஃபாகரைப் போடுங்க. மழைக் காலத்துல உயிர் காக்கிற பட்டன் இது. தனி பட்டன் இருக்கா, மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கா?
- பாட்டு சத்தத்தை டக்குனு குறைங்க. ஆம்புலன்ஸ் சைரன் கேட்க இது வேணும். திருகுற குமிழ் இருக்கா?
- வந்த காலை எடுங்க, வைங்க. ஸ்டீயரிங் பட்டன்லயே முடியுதா?
- குரல் கட்டளையில ஊர் பேர் சொல்லுங்க. "கூடுவாஞ்சேரி", "மேட்டுப்பாளையம்"னு உங்க உச்சரிப்புலயே சொல்லிப் பாருங்க. மூணு தடவை சொல்லியும் புரியலன்னா, ரோட்டுல போகும்போதும் புரியாது.
- மத்தியான வெயில்ல ஸ்க்ரீன் தெரியுதா? ராத்திரியில வெளிச்சம் கண்ணைக் கூசாம குறையுதா?

ஒரு வேலைக்கு 12 விநாடிக்கு மேல ஆச்சுன்னா, அல்லது முதல் நாலுல ஏதாவது ஒண்ணுக்கு மெனு திறக்க வேண்டியிருந்தா, அந்த ஸ்க்ரீன் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அது உங்களுக்கு வசதி இல்ல.

8. முடிவு எப்படி எடுக்கிறது?

டாப் வேரியண்ட்ல கூட வர்ற விஷயங்களை ஒரு தாள்ல மூணு பகுதியா எழுதுங்க.

பாதுகாப்பு: கூடுதல் ஏர்பேக், இஎஸ்சி, டயர் பிரஷர் காட்டுறது, பின் சீட் ஹெட்ரெஸ்ட். நடு வேரியண்ட்ல இதுல ஏதாவது இல்லன்னா, மேல போறதுக்கு அது நல்ல காரணம். இதுக்கு கடன் வாங்கினாலும் நான் தடுக்க மாட்டேன்.

தினசரி வசதி: ரிவர்ஸ் கேமரா, ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்பிளே, ஸ்டீயரிங் பட்டன். இப்போ பல மாடல்கள்ல நடு வேரியண்ட்லயே வருது.

ஷோரூம் வசதி: ரெண்டு இன்ச் பெரிய ஸ்க்ரீன், டச் ஏசி, கலர் லைட்டிங், போன் ஆப்.

உங்க கூடுதல் 1.9 லட்சம் பெரும்பாலும் மூணாவது பகுதிக்குப் போகுதுன்னா, நடு வேரியண்ட்ல நிறுத்துங்க. அவசர நிதி ஆறு மாசச் செலவுக்கு இருக்கு, டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, மொத்த இஎம்ஐ கட்டுப்பாட்டுல இருக்குன்னா, ஆசைக்கு எடுத்தாலும் ஒண்ணும் குடி முழுகிப் போகாது. அதுல எதுவும் இல்லாம, மாசம் 4,000 கூடக் கட்டி ஸ்க்ரீன் வாங்குறதுதான் பிரச்சினை.

எந்த வேரியண்ட் எடுத்தாலும் மூணு பழக்கத்தை வச்சுக்கோங்க. மேப், பாட்டு ரெண்டையும் வண்டி கிளம்பும் முன்னாடியே போட்டுடுங்க. ஓடும்போது ஸ்க்ரீன் வேலையைப் பக்கத்துல இருக்கிறவங்க கிட்ட கொடுங்க. தனியா போனா, ஓரமா நிறுத்திட்டுத் தொடுங்க. இந்த மூணும் எல்லா வேரியண்ட்லயும் இலவசம்.

ரெண்டு கொட்டேஷனையும் கையில வச்சுக்கிட்டு, இந்தக் கட்டுரையோட முதல் பகுதிக் கணக்கை இன்னைக்கே உங்க எண்கள்ல போட்டுப் பாருங்க. கார் லோனை எத்தனை வருஷத்துக்கு எடுக்கலாம்னு நம்ம சேனல்ல தனி வீடியோ இருக்கு, அதையும் பார்த்துட்டு முடிவு எடுங்க. கார் தேடிக்கிட்டு இருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அவர் புக்கிங் அமவுன்ட் கட்டுறதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.